குப்பியில் மிஞ்சிய துளி

ராமக்காள் செத்ததற்கு நர்ஸ் சீனியம்மாள்தான் காரணம் என்று காலனியில் எல்லோரும் பேசினார்கள். பேசாமல் இருந்தவள் தங்கப்பொண்ணு ஒருத்திதான். அவளுக்கு அதில் சந்தேகம் இருந்தது என்று அர்த்தமில்லை. வாயைத் திறந்தால் அழுகை வராது, வேறு ஏதோ வரும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ராமக்காள் அவளுக்கு மதினி, அண்ணன் அழகுமலையின் பெண்டாட்டி. மதினி என்பது பேருக்குத்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு தங்கப்பொண்ணு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது, இன்னும் எம்புட்டுக் காலம்தான் படிப்பாய் என்று வீடே அலுத்துக்கொண்டது. படிக்கிற பிள்ளையைப் படிக்க விடுங்கள் என்று ஒற்றை ஆளாய் நின்று மல்லுக்கட்டியவள் ராமக்காள்தான்.

அது எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரை. பரவைக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அரசு சுகாதார நிலையத்தில் ராமக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். குழந்தையும் நன்றாக அழுதது. அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை. சீனியம்மாள் ஒரு ஆம்பூல் குப்பியை உடைத்து ஊசி போட்டாள். நிற்கவில்லை. இன்னொன்றை உடைத்துப் போட்டாள். அடிவயிற்றைப் பிசைந்து பார்த்தாள். டாக்டர் மதுரையில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். கடைசியில் ஒரு வாடகை வேனைப் பிடித்து, அழகுமலையோடு ராமக்காளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வேனில் இடமில்லாததால் தங்கப்பொண்ணு குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். வேன் பரவையைத் தாண்டவில்லை.

சேதி வந்தபோது அவள் பிரசவ அறையில் நின்றுகொண்டிருந்தாள். தட்டில் பஞ்சுக்கு நடுவே கழுத்து உடைந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகள் கிடந்தன. லேபிளைப் படித்தாள். ஆக்ஸிடோசின். அது என்ன மருந்து என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது அமினோ அமிலங்களை மணிபோல் கோத்த சின்ன மாலை, ஒரு பெப்டைடு. உடம்பில் ஏறிய சில நிமிஷங்களில் கருப்பை கல்லு மாதிரி இறுக வேண்டும். ரத்தம் நிற்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு போட்டும் இறுகவில்லையென்றால் இந்தக் குப்பிக்குள் இருந்தது என்ன?

ஒவ்வொரு குப்பியின் அடியிலும் ஒரு துளி மிஞ்சியிருந்தது. வெந்நீருக்கென்று கொண்டுவந்த பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் கொட்டினாள். வாசலில் போன ஐஸ் வண்டிக்காரனிடம் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டாள். குப்பிகளின் வாயை மெழுகுக் காகிதத்தால் இறுகக் கட்டி, நிமிர்ந்து நிற்கும்படி உள்ளே வைத்து மூடினாள். இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்க். வீட்டுக்கு வந்து, பிணத்தைப் பார்த்து, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும் அந்த பிளாஸ்க்கை அவள் கீழே வைக்கவில்லை.

ஊசிக்குப் பதில் தண்ணியைப் போட்டுவிட்டாள் என்றார்கள். மருந்தை வெளியே விற்றுவிட்டாள் என்றார்கள். சீனியம்மாள் மேற்கத்தி விவசாயக் குடும்பத்துப் பெண். காலனிப் பொம்பளைக்கு இது போதும் என்று நினைத்திருப்பாள் என்று ஒரு கிழவர் சொன்னார். அந்தப் பேச்சு அழகுமலையின் காதில் விழுந்ததைத் தங்கப்பொண்ணு பார்த்தாள். அவன் முகம் மாறியதையும் பார்த்தாள்.

அவள் வேலை செய்த ஆராய்ச்சி நிலையம் ஊருக்கு மறுகோடியில், மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டி இருந்தது. ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளை நடத்தியது. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த குரோமட்டோகிராஃப் ஒன்று குளிர்சாதன அறையில் இருந்தது. அதன் உயிர் ஒரு எஃகுக் குழாயில் இருந்தது. குழாய்க்குள் மாவு போன்ற தூளை இறுக அடைத்திருப்பார்கள். ஒரு முனையில் கலவையைச் செலுத்தி, பின்னாலேயே பம்ப் வைத்துத் திரவத்தைத் தள்ளினால், கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தூளில் ஒட்டியும் விடுபட்டும் வெவ்வேறு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். வருவதை டிடெக்டர் பார்க்கும். தாளில் பேனா எழும்பி ஒரு முகடு வரையும். முகடு பெரிதானால் பொருள் அதிகம். முகடே இல்லையென்றால் பொருளே இல்லை.

கடையில் கிடைக்கிற குழாயின் துவாரத்தில் பென்சிலைச் செருகலாம். தங்கப்பொண்ணு தன் பட்டத்துக்காகச் செய்துகொண்டிருந்த குழாயில் கோணி ஊசியைக்கூடச் செருக முடியாது. காரணம் லேசானது. வைகையில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகும்போது ஒரு கை மஞ்சளைக் கரைத்தால் யாருக்குத் தெரியும்? அதே மஞ்சளை வயலுக்குப் பாயும் சின்ன வாய்க்காலில் கரைத்தால் வாய்க்காலே மஞ்சளாகிவிடும். துளியிலும் துளியாகக் கிடைக்கிற பெப்டைடை அளக்க வேண்டுமானால் ஆறு உதவாது. அதற்கு வாய்க்கால்தான் வேண்டும். அந்த வாய்க்காலை வெட்டத்தான் அவள் இரண்டு வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தாள். பாதி வெட்டியிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாளே நிலையத்துக்குப் போனாள். தினமும் ஐஸ் மாற்றி வைத்திருந்த குப்பிகளில் ஒன்றின் துளியை உறிஞ்சி, பலமுறை ஓட்டிப் பார்க்கப் போதுமானதாக இருக்கட்டும் என்று கண்ணாடிச் சீசாவில் தண்ணீர் விட்டுப் பெருக்கினாள். குழாய்க்குள் செலுத்தினாள். மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கிற ரசாயனத்தின் முகடு வந்தது. ஆக்ஸிடோசின் வர வேண்டிய இடத்தில் பேனா அசையவில்லை. திரும்பவும் செலுத்தினாள். கோடு தரையோடு தரையாகப் போனது.

அவளுக்குள் எழுந்தது துக்கமில்லை. ஒரு வெறி பிடித்த சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன்டி என்று யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது. பஸ் பிடித்து ஊருக்கு வந்தாள். முற்றத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் நேராகப் போனாள்.

“ஊசில மருந்தே இல்லண்ணே. நான் மிஷின்ல பாத்துட்டேன்.”

அழகுமலை பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலையில் அவளுடைய வழிகாட்டி வெள்ளைத்துரை அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். அமைதியான மனிதர், எதற்கும் பயப்படுகிறவர். இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மருந்தை இதே அளவுக்குக் கரைத்து, இதே சீசாவில் வைத்து ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். அவள் பார்த்திருக்கவில்லை. முகடு எந்த இடத்தில் வரும் என்று தெரிந்துகொள்ள, கரைக்காத மருந்தைத்தான் ஓட்டியிருந்தாள்.

எரிச்சலோடுதான் செய்தாள். நிலையத்து பிரிட்ஜில் இருந்த, சந்தேகத்துக்கே இடமில்லாத ஆக்ஸிடோசினை எடுத்து, அதே தண்ணீரில் அதே அளவுக்குக் கரைத்தாள். செலுத்தினாள். பேனா அசையவில்லை. கோடு தரையோடு தரையாகப் போனது.

இருக்கிற மருந்தையும் இல்லை என்று சொல்கிற மிஷினைக் கேட்டுவிட்டு அவள் அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவன் சீனியம்மாளைத் தேடித்தான் போயிருப்பான். பையைக்கூட எடுக்காமல் ரோட்டுக்கு ஓடினாள்.

சீனியம்மாள் குடியிருந்தது பழங்காநத்தத்தில். தங்கப்பொண்ணு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கக் கூட்டம். பலசரக்குக் கடை முன்னால் போலீஸ் வேன் நின்றது. அழகுமலையை ஏற்றியாகிவிட்டது, சட்டை கிழிந்திருந்தது. வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்த சீனியம்மாளை அவன் வழிமறித்திருக்கிறான். கொலைகாரி என்று கத்தியிருக்கிறான். அவள் தோள்பையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவள் படிக்கட்டில் உருண்டு விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவள் படியிலேயே உட்கார்ந்து ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அழவில்லை. அவளுடைய தம்பி காளையும் இன்னும் நாலு பேரும் காலனிக்குள் புகுந்து பார்த்துவிடுவோம் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். யாராவது அந்தப் பக்கம் போனால் என் முகத்தில் முழிக்கக் கூடாது என்றாள். அவர்கள் அடங்கினார்கள்.

அழகுமலையை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். சீனியம்மாள் புகார் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டாள். ஆனால் விடுவதற்கு முன்னால் அவனைச் செய்ய வேண்டியதை ஸ்டேஷனில் செய்திருந்தார்கள். ஒரு கண் மூடிப்போய், உதடு வீங்கி வந்தான். தங்கப்பொண்ணு உண்மையைச் சொன்னாள். மிஷின் தவறு, தன் தவறு, மருந்து இருந்ததா இல்லையா என்றே தெரியாது என்றாள்.

“நீ சொன்னதத்தான தாயி நான் போய்ச் சொன்னேன்” என்றான்.

அதற்குப் பிறகு பல நாள் அவன் அவளோடு பேசவில்லை.

அவள் சீனியம்மாளைப் பார்க்கப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காளை வாசலை விட்டு நகரவில்லை. யாரும் உட்காரச் சொல்லாததால் தங்கப்பொண்ணு நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

“கேஸ் குடுக்கலன்னதும் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாத” என்றாள் சீனியம்மாள். “ஒங்கண்ணன் என் தெருவுல வச்சு என்னையக் கொலகாரின்னான். கேட்டவுகல்லாம் இன்னும் இங்கனதான் குடியிருக்காக. இப்ப நீ வந்து மிஷின் தப்புங்கிற. அப்ப ஊசில மருந்து இருந்துச்சா, இல்லையா?”

“தெரியல.”

“தெரியலன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? போய்த் தெரிஞ்சுட்டு வா. எனக்கும் தெரியணும்.”

தங்கப்பொண்ணு கிளம்பத் திரும்பியபோது அவள் கூப்பிட்டு நிறுத்தினாள். குரலில் இருந்த சூடு தணியவில்லை. ஆனால் அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. போன வருஷ வெயிலிலிருந்தே இப்படித்தான் என்றாள். முன்பெல்லாம் ஒரு ஊசிக்கு நிற்கிற ரத்தம் இப்போது இரண்டுக்கு நிற்கிறது, மூன்றுக்கு நிற்கிறது. சுகாதார நிலைய அதிகாரியிடம் வாய்விட்டுச் சொன்னாள். இரண்டாகவே போடு என்று பதில் வந்தது. மருந்துப் பெட்டிகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. உள்ளே நுழைந்தால் ஆளே வெந்துபோகும். தடுப்பூசி மருந்துக்கென்று புதுசாய் வந்த பிரிட்ஜ் பக்கத்து அறையில் பாதி காலியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவள் ஆக்ஸிடோசின் பெட்டியை அதற்குள் வைத்தாள். அதிகாரி எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டி, பெட்டியை வெளியே எடுக்க வைத்தார். தடுப்பூசி தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த தாளைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார்.

“நாலு வரி. நின்னு வாசிச்சேன்” என்றாள் சீனியம்மாள்.

பிறகு சாவியைக் கொடுத்துக் காளையை அனுப்பி, ராமக்காளுக்குப் போட்ட ஊசி இருந்த அதே பெட்டியிலிருந்து உடைக்காத ஆம்பூல்கள் சிலவற்றை எடுத்து வரச் செய்து கொடுத்தாள். முறையில்லாத காரியம். அவள் வேலை போகும். தெரிந்தே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தங்கப்பொண்ணு செய்த வேலைக்குப் பின்னால் இருந்தது பொறுமை என்று யாராவது சொன்னால் அது பொய். கோபம்தான் இருந்தது. தன் மேல் கோபம், அந்த நாலு வரியின் மேல் கோபம், கண்ணாடிச் சீசாவின் மேல்கூடக் கோபம்.

முதலில் சீசாவைத்தான் பிடித்தாள். மருந்து எங்கே போகிறது என்று தேடியபோது அது எங்கேயும் போகவில்லை, கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்தது. மருந்து ஏராளமாக இருந்தால் சுவர் தின்றது போக மிச்சம் கண்ணுக்குத் தெரியும். இருப்பதே துளி என்றால் சுவர் முழுதையும் தின்றுவிட்டுச் சுத்தமாக நிற்கும். கண்ணாடியை எறிந்துவிட்டுச் சின்ன பிளாஸ்டிக் குழல்களுக்கு மாறினாள். தண்ணீருக்குப் பதில், கொஞ்சம் அமிலமும் கொஞ்சம் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் சேர்த்த திரவத்தில் கரைத்தாள். பேனா லேசாக எழும்பியது. ஆனால் முகடு கூர்மையாக இல்லை. தேய்ந்த கரட்டுக் குன்று மாதிரி அகன்று கிடந்தது.

அடுத்த குற்றவாளி, குழாய்க்கும் டிடெக்டருக்கும் நடுவே இருந்த இணைப்பு. பெரிய குழாய்க்கென்று செய்த இணைப்பு அது. அவளுடைய வாய்க்காலில் ஒழுங்காக வரிசை கட்டி வந்த மருந்து, அங்கே கண்மாய்க்குள் விழுந்தது போல் பரவிக் கலைந்தது. கிடைத்ததிலேயே மெல்லிய எஃகுக் குழலை விரல் நீளத்துக்கு நறுக்கி இணைத்தாள். டிடெக்டரின் கண்ணாடிக் கூட்டையும் சின்னதாக மாற்றினாள். பம்ப் அவ்வளவு மெதுவாக ஓடத் தெரியாமல் விக்கி விக்கித் தள்ளியது. அதை அதன் வேகத்திலேயே ஓடவிட்டு, நடுவில் ஒரு பிரிவு வைத்து, பெரும்பகுதியைக் கழிவில் விட்டு, இழையளவு மட்டும் தன் குழாய்க்குள் போகும்படி செய்தாள். பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கிப் பேனா நடுங்கும். அதனால் தோட்டத்துக்கு மின்சாரம் வராத நேரம் பார்த்து ஓட்டினாள். குளிர்சாதனம் நின்று அறை சூடேறினால் முகடு இடம் மாறும். குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை போட்டாள்.

தூள் அடைப்பதுதான் உயிரை எடுத்தது. கூழாகக் கரைத்து, பெரும் அழுத்தத்தில் அந்த ஊசித் துவாரத்துக்குள் இறக்க வேண்டும். எங்காவது மயிரிழை இடைவெளி விழுந்தால் முகடு இரண்டாகப் பிளக்கும். அடைத்தாள், பிளந்தது. தட்டி வெளியே கொட்டினாள். மறுபடி அடைத்தாள், மறுபடி பிளந்தது. ஒருநாள் குழாயைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். வெள்ளைத்துரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் நல்ல மருந்தை எவ்வளவு நீர்த்தாலும், ஐம்பதில் ஒரு பங்காக்கினாலும், அந்த அளவுக்குச் சரியாக முகடு எழுந்தது. போட்டது எவ்வளவோ வந்தது அவ்வளவு. திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்த முறை அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. முதலில் சீனியம்மாள் கொடுத்த முழு ஆம்பூல்களை ஓட்டினாள். அதன் பிறகே, நிலையத்து பிரிட்ஜில் தொடாமல் வைத்திருந்த இரண்டாவது குப்பியின் துளியை எடுத்தாள்.

மருந்து இருந்தது. லேபிளில் போட்டிருந்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இருந்தது. அதை ஒட்டிப் பின்னால் சின்னச் சின்ன முகடுகள், உடைந்து உருமாறிய மருந்து. முழு ஆம்பூல்களும் அச்சு அசலாக அதையே காட்டின. நல்ல மருந்து ஒன்றை மூடியபடியே ஓவனில் வைத்துச் சில நாள் வேகவிட்டு ஓட்டினாள். அதே முகடுகள், அதே இடங்களில்.

யாரும் தண்ணீரை அடைத்து விற்கவில்லை. யாரும் மருந்தைத் திருடவில்லை. காலனிப் பொம்பளை என்று யாரும் குறைத்துப் போடவில்லை. கம்பெனி சரியாகச் செய்து அனுப்பிய மருந்து, ஒரு கூரைக்குக் கீழே, ஒரு பிரிட்ஜுக்குப் பக்கத்து அறையில், இரண்டு கோடை வெந்து செத்திருக்கிறது.

அவளுக்குக் கை ஓங்க ஆள் கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு திருடன் அகப்பட்டிருந்தால் அவன் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

வெள்ளைத்துரை தாள்களைப் பார்த்து அசந்துபோனார். இந்த அளவுக்குச் சின்னக் குழாயில் இவ்வளவு சுத்தமான முகடு இங்கே யாரும் பார்த்ததில்லை, உடனே கட்டுரை எழுது என்றார். அவள் சுகாதார நிலையத்துக்குப் போகப்போவதாகச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

“மெத்தட் உன்னோடது, தங்கப்பொண்ணு. மருந்து கவர்மெண்டோடது. ரெண்டையும் கலக்காத” என்றார்.

செத்தவள் எங்களோடவள் சார் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

அதிகாரி அவளை மரியாதையாகத்தான் நடத்தினார். டீ வரவழைத்தார். தாள்களை விரித்துப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். உடைந்த குப்பி சாம்பிளாகாது. உடையாத குப்பி அவள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு நர்ஸின் வேலை போகும். அவளே அடைத்த குழாயில் அவளே செய்த சோதனையை எந்த ஆபீஸும் ஏற்காது. மருந்தின் காலாவதித் தேதியும் இன்னும் முடியவில்லை. பிரிட்ஜைப் பற்றிக் கேட்டபோது, அந்த விதியைப் போட்டது தான் இல்லை என்றார். தடுப்பூசி கெட்டால் தன் தலை போகும் என்றார். அதில் பொய் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

“அந்த பிரிட்ஜுல பாதித் தட்டு காலியாக் கெடந்துச்சு சார்” என்றாள். “செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்க மதினி கெடந்தா. பேரு ராமக்காள். நீங்க ஒரு தடவ அந்தப் பேரச் சொல்லுங்க, நான் போயிர்றேன்.”

அவர் மேஜை மேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். அவள் டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள். வெளியே வெயிலில் நின்றபோது அந்த பிரிட்ஜை இழுத்து வந்து ரோட்டில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

உடைத்தது வேறு ஆள். பிரிட்ஜை இல்லை, அந்த நாலு வரியை. மாவுக்கட்டோடு சீனியம்மாள் மாதாந்திர நர்ஸுகள் கூட்டத்துக்குப் போனாள். தான் பார்த்ததையும் தங்கப்பொண்ணு வந்து சொன்ன முடிவையும் சொன்னாள். தங்களுக்கும் அப்படித்தான், ஒன்றுக்கு மூன்று போட வேண்டியிருக்கிறது என்று ஒருத்தி எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆம்பூல்கள் வரத் தொடங்கின. ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, ஐஸ் போட்டு, பஸ்ஸில் ஒத்தக்கடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். வெள்ளைத்துரை நிலையத்தின் பேர் கெடும் என்று முதலில் தடுத்தார். தங்கப்பொண்ணு மிஷின் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மறுத்தாள். அவர் அந்த அறைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரால் முடிந்த உதவி அதுதான் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அதுவும் கோழைத்தனமாகத்தான் தெரிந்தது.

முடிவுகள் ஒரே பாட்டைப் பாடின. குளிர்ச்சியில் இருந்த மருந்து நன்றாக இருந்தது. தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே கிடந்தது செத்திருந்தது. எந்தக் கம்பெனி மருந்தானாலும் இதுதான். நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து, அந்தப் பெட்டிகளிலிருந்து இனி ஊசி போட மாட்டோம், பிரசவத்தை மதுரைக்கே அனுப்பிவிடுவோம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. ஏன் என்று மேலே கேட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. ஆக்ஸிடோசினைத் தடுப்பூசி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளலாம். இருப்பில் உள்ள பழைய பெட்டிகளைத் திருப்பி அனுப்பவும். முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக என்று காரணம் போட்டிருந்தது. யாரும் செத்ததாக அதில் இல்லை. சீனியம்மாளுக்கு ஆம்பூல் எடுத்துக் கொடுத்ததற்காக விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். தண்டனையாக இல்லை, அவரே கேட்டு வாங்கிய மாற்றல்.

தங்கப்பொண்ணு வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அழகுமலை கேட்டுக்கொண்டே இருந்தான்.

“பிரிட்ஜுல ஒரு தட்டு” என்றான். “அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பயமாக இருந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளை முழித்துக்கொண்டது.

மறு வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. எப்போதும் தங்கப்பொண்ணுதான் தூக்கிக்கொண்டு போவாள். அன்று நானும் வாரேன் என்று அழகுமலை சட்டையை மாட்டினான். சுகாதார நிலையத்தில் சீனியம்மாள்தான் இருந்தாள். கட்டு அவிழ்த்தாயிற்று, மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியிருந்தது. அவனைப் பார்த்ததும் அவள் கை சிரிஞ்சோடு நின்றது. பிறகு பிள்ளையை வாங்கி, தொடையில் பஞ்சு வைத்துத் துடைத்து, ஊசி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அழகுமலை நகரவில்லை. அந்த பிரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னான். அவள் திறந்தாள். அவன் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தான். சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள், வரிசையாக. குளிர்ந்த காற்று அவன் முகத்தில் அடித்தது. எதையும் தொடாமல் நிமிர்ந்தான்.

“கை எப்டி இருக்கு நர்சம்மா?”

“பாரம் தூக்க முடியாது. மத்தபடி வேல பாக்கலாம்.”

அவன் தலையை ஆட்டினான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் எடுக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி வெளியே குரல் கொடுத்தாள்.

தங்கப்பொண்ணு பிள்ளையோடு ரோட்டுக்கு வந்தாள். அண்ணன் பின்னால் வந்தான். பஸ் வர நேரமிருந்தது. பிள்ளை ஊசி வலியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சிவந்து, முட்டியை மடக்கி, உலகத்தையே அடிக்கப்போவது போல் கத்தியது. யாரோ ஒரு பொம்பளை நின்று, பிள்ளையைச் சமாதானப்படுத்தும்மா என்றாள்.

“கத்தட்டும்” என்றாள் தங்கப்பொண்ணு.